டபுள் கெப்பின் ஒட்டோ கியர்பொக்ஸைப் பலப்படுத்தத்தான் வேண்டுமா?

கல்முனையில் இருக்கும் என் மருமகன் போன மாதம் டபுள் கெப்போடு வீட்டுக்கு வந்தான். 2016 டொயோட்டா ஹைலக்ஸ், 2.8 எஞ்சின், ஒட்டோ கியர். அறுவடைக் காலத்தில் வெல்லாவெளிப் பக்கத்து வட்டைகளிலிருந்து நெல் ஏற்றுகிறான். இடையில் ஃபைபர் படகு ஒன்றை ட்ரெயிலரில் கட்டி இழுக்கிறான். மாதம் ஒரு தடவை அரிசியோடு கண்டிக்குப் போய் மரக்கறியோடு திரும்புகிறான்.

"மாமா, கம்பனி கியர்பொக்ஸ் இந்த வேலைக்குத் தாங்காது எண்டு சொல்றாங்க. அவுஸ்திரேலியாவில இருந்து பலப்படுத்தின கியர்பொக்ஸ் ஒண்டு எடுக்கலாமாம். எடுக்கவா?"

விலையையும் சொன்னான். ஒரு போகத்தில் அவனுக்கு மிஞ்சும் காசை விட அதிகம். இதே கேள்வியை ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் வேறு ஆட்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கெப்பையே எல்லோரும் ஓட்டினோம், வேலையையும் கூட்டினோம். கியர்பொக்ஸைப் பற்றிய பயம் இப்போது வருவது இயல்புதான். அவனுக்குச் சொன்னதை, ஒட்டோ கியரின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்காதவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே நடப்பது. ஒரு சருவத்துத் தண்ணீரில் கொஞ்சம் உமியைப் போட்டு, அகப்பையால் வேகமாகச் சுற்றிப் பாருங்கள். அகப்பை உமியைத் தொடாது. ஆனாலும் தண்ணீர் சுழல, உமியும் சேர்ந்து சுழலும். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டோர்க் கொன்வேட்டர் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. எஞ்சின் பக்கத்தில் ஒரு விசிறி, கியர்பொக்ஸ் பக்கத்தில் ஒரு விசிறி, இரண்டுக்கும் நடுவே ஒயில். எஞ்சின் விசிறி ஒயிலை எறிகிறது. எறியப்பட்ட ஒயில் மற்ற விசிறியைச் சுழற்றுகிறது. நடுவில் மூன்றாவதாக ஒரு சின்னச் சக்கரம் இருந்து, திரும்பி வரும் ஒயிலின் திசையை மாற்றிக் கொடுப்பதால், வாகனம் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சின் தரும் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகுகிறது. ஒட்டோ கெப் பாரத்தோடு கிளம்பும்போது மனுவல் கெப்பை விட இலகுவாக அசைவது இதனால்தான்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அகப்பையின் வேகத்துக்கு உமி ஒருபோதும் சுழலாது, கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்தப் பிந்தல் முழுக்கச் சூடாக மாறி ஒயிலுக்குள் போகிறது. சீரான வேகத்தில் ஓடும்போது இந்த இழப்பைத் தவிர்க்க, கொன்வேட்டருக்குள் ஒரு பூட்டுக் கிளச் இருக்கிறது. அது விழுந்ததும் இரண்டு விசிறிகளும் ஒன்றாகச் சுற்றும், சூடு அடங்கிவிடும். ஆனால் மெதுவாக மேடு ஏறும்போதும், மணலில் தவழும்போதும், காத்தான்குடிக் கடைத்தெருவில் நின்று நின்று போகும்போதும் பூட்டு விழாது. ஒயில்தான் எல்லாவற்றையும் சுமக்கும்.

கொன்வேட்டருக்குப் பின்னால் கியர்கள். அவை எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும் பற்சக்கரக் கூட்டங்கள். எதைப் பிடித்து வைப்பது, எதைச் சுழல விடுவது என்பதைப் பொறுத்து முதல் கியரோ ஆறாம் கியரோ கிடைக்கும். பிடித்து வைப்பவை கிளச் தட்டுகள். அவற்றை அழுத்துவது ஒயிலின் அழுத்தம். எப்போது எதை அழுத்துவது என்று கணினி சொல்ல, வால்வு பொடி எனப்படும் ஒயில் வழிகளின் தொகுதி அதைச் செய்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் இறுக்கி அழுத்தினால் வழுக்காது. தளர்வாக வைத்துத் தேய்த்தால் சுடும். கிளச் தட்டும் அப்படித்தான். அழுத்தம் குறைந்தாலோ, தாங்கும் அளவுக்கு மேல் முறுக்கு வந்தாலோ வழுக்கும்; வழுக்கினால் எரியும்.

ஆக ஒட்டோ கியர்பொக்ஸ் சாவதற்கு வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று சூடு, மற்றது தாங்க முடியாத முறுக்கு. "மாற்றவா" என்று கேட்பவர் இந்த இரண்டில் தன்னுடையது எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும். நம் பக்கத்தில் நான் பார்த்த கெப்களில் பெரும்பாலானவற்றின் பிரச்சினை சூடு. பலப்படுத்திய கியர்பொக்ஸ் விற்பவர்கள் தருவதோ முறுக்குக்கான மருந்து.

கம்பனி கியர்பொக்ஸ் பலவீனமானது என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். 2015இல் வந்த ரெவோ ஹைலக்ஸின் 2.8 எஞ்சினுக்கு மனுவல் கியரோடு 420 நியூட்டன் மீற்றர் முறுக்கு, ஆறு கியர் ஒட்டோவோடு 450. ஒட்டோ கியருக்குத்தான் அதிகம் கொடுத்திருக்கிறார்கள்! 2020இல் எஞ்சினைத் திருத்தியபோது ஒட்டோவின் அளவு 500 ஆனது, அதுவும் ஆறு கியர் ஒட்டோதான். அதற்காக 2016 கெப்பின் கியர்பொக்ஸ் 500ஐத் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே தட்டுகளையோ அழுத்தத்தையோ மாற்றியிருக்கலாம். ஆனால் எஞ்சினில் கை வைக்காத ஒரு கெப்புக்கு, அந்த எஞ்சின் தரும் முழு முறுக்கையும் தாங்கத்தான் அந்தக் கியர்பொக்ஸ் கட்டப்பட்டது என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பெட்டியில் நெல் ஏற்றினாலும் படகு இழுத்தாலும் எஞ்சின் 450க்கு மேல் கொடுக்காது. பாரம் கூடும்போது உண்மையில் கூடுவது, அந்த முழு முறுக்கோடு ஓடும் நேரம். நேரம் கூடினால் சூடு கூடும். மருமகனுக்கு இதை விளங்கவைக்கத்தான் எனக்கு ஒரு தேத்தண்ணி நேரம் முழுக்கப் போனது.

சரி, சூடு என்றால் எவ்வளவு? ஒட்டோ கியர் ஒயில் வசதியாக வேலை செய்வது 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை. கியர்பொக்ஸ் வேலை செய்பவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் ஒரு கணக்கு உண்டு: 80க்கு மேல் ஒவ்வொரு 11 பாகை ஏறும்போதும் ஒயிலின் ஆயுள் பாதியாகும். 115ஐத் தாண்டினால் ஒயில் பசையாகி வால்வுகளில் படியத் தொடங்கும். 125, 130இல் ரப்பர் சீல்கள் கடினமாகும். 145ஐத் தாண்டினால் தட்டுகள் வழுக்கும். ஒயிலுக்கு ஒயில் வித்தியாசம் உண்டு, இன்றைய செயற்கை ஒயில்கள் கொஞ்சம் கூடத் தாங்கும். என்றாலும் ஒரு கியர்பொக்ஸ் எந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்க இந்த அளவுகோல் போதும்.

இதில் கவலைக்குரிய விஷயம், பல கெப்களில் இந்தச் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. தண்ணீர் முள் நடுவில் நிற்கும். கியர் ஒயில் உள்ளே வெந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியும் நேரத்தில் சேதம் தொடங்கியிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் சொக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகி, தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டால் பெரும்பாலான கெப்களின் கியர் ஒயில் சூட்டைப் பார்க்கலாம். நல்ல டயர் ஒன்றின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. கியர்பொக்ஸைப் பற்றி எந்த முடிவையும் எடுக்க முன் இதை வாங்குங்கள் என்பேன்.

அதைச் செருகிக்கொண்டு உங்கள் வேலையிலேயே மிகக் கடினமான நாளை ஓட்டிப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை கடற்கரையோரமாக நிலம் தட்டையானது. கெப் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பூட்டு விழுந்த நிலையில் நிம்மதியாகப் போகும். சோதனை அங்கே இல்லை. செங்கலடியிலிருந்து மகாஓயா, பதியத்தலாவை வழியாக மகியங்கனை போய், ஹசலக்கையைத் தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போதுதான் உண்மை தெரியும். வேகம் குறைவு, காற்றோட்டம் குறைவு, பூட்டு விழாது, எஞ்சின் மட்டும் முழுப் பலத்தில். கடற்கரை மணலில் படகு ட்ரெயிலரை இழுத்தெடுப்பதும் அதே மாதிரிதான். தூரம் ஐம்பது மீற்றர்தான் என்றாலும் சூடு சில நிமிடங்களில் ஏறிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அந்த வளைவுகளில் அரிசியோடு ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு எரிந்த மணம் வந்தது. மேலே போனதும் மூன்றாம் கியரிலிருந்து நான்குக்கு மாறும்போது எஞ்சின் ஒரு கணம் வெறுமனே உறுமிவிட்டுப் பிறகுதான் பிடித்தது. ஊருக்கு வந்து ஒரு கராஜில் காட்டினேன். "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, கம்பனிச் சாமான் இதுக்குச் சரிவராது, பலமானதைப் போடுங்க" என்றார்கள். முற்பணம் கொடுக்கும் கட்டத்தில் இருந்தேன். என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுப் பார்க்கச் சொன்னார். தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தது. 1,40,000 கிலோமீற்றர் ஓடிய கெப்பில் கியர் ஒயில் ஒரு தடவைகூட மாற்றப்படவில்லை. "ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை" என்று முன்பு யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். ஒயிலும் பில்டரும் மாற்றி, சேறும் வைக்கோல் தூசியும் அடைத்திருந்த ரேடியேட்டர் முகத்தைக் கழுவிய பிறகு அந்த உறுமல் மெல்ல மெல்ல நின்றது. அந்தக் கியர்பொக்ஸ் இன்றும் ஓடுகிறது. எல்லாக் கெப்புக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. தட்டு எரிந்துபோயிருந்தால் புது ஒயில் அதை மீட்டுத் தராது.

"ஆயுள் ஒயில்" என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆயுள் சாதாரணப் பாவனைக்குச் சொன்னது. பாரம் இழுப்பது, வெப்பமான நாடு, தூசி, நின்று நின்று ஓடுவது எல்லாம் கைநூல்களில் "கடும் பாவனை" என்ற தலைப்புக்குள் வரும். நமக்கு நான்கும் உண்டு. வேலை செய்யும் கெப்புக்கு 60,000 முதல் 80,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். கீழே இருக்கும் பிளக்கைத் திறந்தால் முழு ஒயிலும் வராது, மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வரும். மிச்சம் கொன்வேட்டருக்குள்ளும், ஒயிலைக் குளிர்விக்கும் கூலருக்குள்ளும் தங்கிவிடும். அதனால் இரண்டு மூன்று தடவை இடைவெளி விட்டு மாற்ற வேண்டும், அல்லது கூலர் குழாய் வழியாக முழுக்க மாற்ற வேண்டும். இன்றைய கியர்பொக்ஸ் பலவற்றில் ஒயில் அளக்கும் கம்பி கிடையாது. எஞ்சின் ஓடும்போது, ஒயில் 40 பாகையை ஒட்டியிருக்கும் நேரத்தில், வழிந்தோடும் பிளக்கைத் திறந்து மட்டம் பார்க்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யும் மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

பழுதையும் பலவீனத்தையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் கரடுமுரடான தார் வீதியில் போவது போலச் சில நொடி அதிர்ந்தால் அது பெரும்பாலும் பூட்டுக் கிளச்சின் வேலை. பல நேரம் ஒயில் மாற்றத்தோடு சரியாகும். ஆர் (பின்னால் போக) அல்லது டி (முன்னால் போக) போட்டு இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் பிடிக்கிறது என்றால் அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஒயிலில் மினுமினுக்கும் இரும்புத் தூள் வந்தால் அது கழற்றிப் பார்க்க வேண்டிய கேஸ். இவையெல்லாம் திருத்த வேண்டியவை. காரணத்தை விட்டுவிட்டு மேலான கியர்பொக்ஸ் ஒன்றை வைத்தால், பழைய கூலரின் அடைப்பு அந்தப் புதியதையும் வேகவைக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாரியில் நம் வட்டை வழிகள் ஆறாகும். கியர்பொக்ஸ் மூச்சு விட ஒரு சின்னக் குழாய் உண்டு. சூடான கியர்பொக்ஸ் வெள்ளத்துக்குள் இறங்கித் திடீரெனக் குளிரும்போது அந்தக் குழாயின் நுனி தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். இன்னொரு வழியும் இருக்கிறது. பல கெப்களில் கியர் ஒயில் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே வெடித்தால் கூலண்டும் ஒயிலும் கலந்து, ரோஸ் நிறப் பால் போல ஆகும். கிளச் தட்டின் உராயும் படலம் காகித நாரால் ஆனது, பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் பட்டால் ஊறி உரியத் தொடங்கும். அந்த நிறத்தைப் பார்த்தால் அதற்குப் பிறகு ஒரு கிலோமீற்றர்கூட ஓட்ட வேண்டாம். பழைய கெப்பில் ரேடியேட்டரைக் காலத்தோடு மாற்றிவிடுவது ஒரு கியர்பொக்ஸைக் காப்பாற்றும்.

இனி, உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? தொலைபேசியில் சூடு பார்த்து, கடினமான நாளிலும் 100ஐ ஒட்டியே நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், ஒயிலை மட்டும் கவனியுங்கள். 110, 115ஐ அடிக்கடி தொட்டால் வெளிக் கூலர். ரேடியேட்டருக்கு முன்னால், காற்றுப் படும் இடத்தில், கம்பனிக் கூலருக்கு அடுத்ததாகக் குழாயில் இணைப்பார்கள். குழாய் இணைப்புகளில்தான் கவனம் வேண்டும்; உப்புக் காற்றும் கடல் தண்ணீரும் படும் கெப்பில் மலிவான கிளிப் ஒன்று கழன்றாலே முழு ஒயிலும் வீதியில் கொட்டிவிடும். இதோடு பெரும்பாலானவர்களின் பிரச்சினை முடிந்துவிடுகிறது.

கூலருக்குப் பிறகும் சூடு அடங்கவில்லை, வேலையும் குறையாது என்றால் ஒயில் கூடுதலாகக் கொள்ளும் அலுமினியச் சம்ப், அதாவது கியர்பொக்ஸின் அடியில் ஒயில் தங்கும் தட்டு, உண்டு. பூட்டுக் கிளச்சை நாமே சுவிச்சால் போட்டுக்கொள்ளும் கருவிகளும் விற்கிறார்கள். மெதுவான ஏற்றத்தில் சூட்டை நன்றாகக் குறைக்கும், ஆனால் தெரியாமல் பாவித்தால் அந்தச் சின்னக் கிளச்சையே தின்றுவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்வதில்லை.

தட்டுகளை மாற்றி, வால்வு பொடியில் அழுத்தம் கூட்டி, பல தட்டுப் பூட்டுள்ள கொன்வேட்டர் போட்டு முழுக்கப் பலப்படுத்துவது யாருக்கு? எஞ்சின் கணினியைத் திருத்தி முறுக்கை நன்றாகக் கூட்டியவருக்கு. 450ஐ 550 ஆக்கினால் கம்பனி வைத்த கணக்கை நாமே உடைத்துவிட்டோம். கியர் மாறும் கணத்தில் எஞ்சின் கணினி முறுக்கைக் கொஞ்சம் இறக்கித் தட்டுகளைக் காப்பாற்றுவது வழக்கம். மோசமாகச் செய்த திருத்தத்தில் அதுவும் போய்விடும். அப்படிப்பட்டவருக்கு நான் முதலில் சொல்வது, எஞ்சினைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள் என்பதுதான். அது இயலாது, அந்தப் பலம் வேண்டும் என்றால், கியர்பொக்ஸ் செலவையும் அந்தப் பலத்தின் விலையில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். இன்னொருவர், கியர்பொக்ஸ் உண்மையிலேயே முடிந்துபோய் எப்படியும் பிரித்துக் கட்ட வேண்டிய நிலையில் இருப்பவர். பிரித்த கையோடு நல்ல தட்டுகளைப் போடுவது நியாயமான செலவு. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் ரீகண்டிஷன் கியர்பொக்ஸும் அவருக்கு ஒரு வழி. ஆனால் உங்கள் கெப்பின் கணினியோடு ஒத்துவரும் அதே குறியீட்டு இலக்கமுடையதா என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. பழைய கூலரைக் கழுவாமல் அதை மாட்டவும் கூடாது.

மருமகனின் கெப்பைச் சுற்றி வந்தபோது டயரைப் பார்த்தேன். 285/70 ஆர்17. கம்பனி டயர் 265/65 ஆர்17. விட்டம் 776 மில்லிமீற்றரிலிருந்து 831க்குப் போயிருக்கிறது, அதாவது 7 வீதம். அழகுக்காகப் போட்டது. கெப் எப்போதும் 7 வீதம் உயர்ந்த கியரில் ஓடுவது போன்ற நிலை அது. எஞ்சின் தவிக்கிறது, கியர் கீழே இறங்கி இறங்கி ஏறுகிறது, பூட்டு பிந்தி விழுகிறது. கியர்பொக்ஸைக் குறை சொல்ல முன் இதைத்தான் பார்க்க வேண்டும். பெட்டியில் ஏற்றுவதையும் கேட்டேன். ஒரு மூடை 60 கிலோ என்று வைத்தாலும் 20 மூடை 1,200 கிலோ. டபுள் கெப் தாங்குவது பெரும்பாலும் ஒரு தொன்னை ஒட்டித்தான், அதில் உள்ளே இருக்கும் ஆட்களின் எடையும் அடங்கும். "மகன், இதுக்கு கியர்பொக்ஸ் மாத்தினாலும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் மாறாதே" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

ஓட்டும் முறையிலும் காசு செலவில்லாத பெரிய வித்தியாசம் இருக்கிறது. மணலிலும் படகுத்துறையிலும் நான்கு சக்கரத்தின் லோ கியரைப் போடுங்கள். கொன்வேட்டருக்கு வரும் வேலை பாதிக்கு மேல் குறையும். டயர் காற்றை இறக்கினால் இன்னும் நல்லது. ஏற்றத்தில் டியில் விட்டுக் கியர் ஏறி இறங்கத் தவிப்பதை விட, கியர் லீவரை எஸ் பக்கம் தள்ளி ஒரு கியரைப் பிடித்து, எஞ்சினைக் கொஞ்சம் கூடச் சுற்றவிடுவது மேல். மேட்டில் நிற்கும்போது எக்ஸிலேட்டரால் கெப்பைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டாம், பிரேக்கைப் பிடியுங்கள். சூடு ஏறிவிட்டால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பியில் (பார்க்) போட்டு ஓடவிடுங்கள். ஒயில் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது, கூலருக்குள் ஒயில் ஓடினால்தான் குளிரும். அதே காரணத்தால், பழுதான ஒட்டோ கெப்பைப் பின் சக்கரம் நிலத்தில் உருள நீண்ட தூரம் கட்டி இழுக்கவும் கூடாது.

மருமகன் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பவிருந்த காசை நிறுத்தி வைத்தான். அந்தக் கருவியை வாங்கிப் பதினெட்டு வளைவில் பார்த்தபோது 118. ஒயிலை மூன்று தடவையாக மாற்றினான், கம்பனி அளவு டயரைத் திரும்பப் போட்டான், வெளிக் கூலர் ஒன்று வைத்தான். மூடையை 14ஆகக் குறைக்கச் சம்மதித்ததுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை பதினெட்டு வளைவைத் தாண்டி ஹுன்னஸ்கிரியவில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது தொலைபேசித் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான்: 97.